முழுக்கை ரவிக்கை

டி. கல்லுப்பட்டி
22.1.1984

மாட்சிமை தாங்கிய டாக்டர் அக்காவுக்கு,

தங்கை ஒச்சாயி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், எருமை, அதன் கன்று எல்லோரும் நலம். வரிசை மரியாதைப்படி அல்ல, எடைப்படியும் அல்ல. அங்கே உன் நலமும் உன் பிணங்களின் நலமும் அறிய ஆவல்.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதினாய். வரவில்லை. போன பொங்கலுக்கும் அப்படியே எழுதினாய், அப்படியே வரவில்லை. வருகிறேன் என்று எழுதுவதில் மட்டும் நீ தவறுவதே இல்லை. உன் பங்குக் கரும்பை அம்மா யாரையும் தொடவிடாமல் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். இப்போது அதை வைத்து ஒட்டடை அடிக்கிறோம்.

எம்.பி.பி.எஸ். முடித்தவள் ஊசி போடாமல் மெட்ராஸில் இன்னும் என்ன படிக்கிறாள் என்று மொக்கையன் மாமா கேட்டார். சதையைச் சீவி லென்சில் பார்த்து இன்ன நோய் என்று கண்டுபிடிக்கிற படிப்பு, பேத்தாலஜி என்று பேர் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்து, "பேத்துறதுக்கு எதுக்கு மாப்ள மெட்ராசு? ஒன் சின்ன மக இங்கனயே நல்லாத்தானே பேத்துறா" என்றார். நான் மறுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ வராததற்குக் காரணம் லீவா, அம்மாவின் இடது கையா?

நீ டாக்டரான வருஷம் சித்திரைத் திருவிழாவில் ஆற்று மணலில் பச்சை குத்துகிறவள் முன்னால் அம்மா உட்கார்ந்தாள். வலது கையில்தான் ஏற்கெனவே தேளும் கோலமும் இருக்கிறதே. இடது கையில் மூத்த மகள் பேர் வேண்டும் என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எழுதிக் கொடுத்தது நான். முத்துத்தாய் என்று மட்டும் எழுதச் சொன்னாள். நான் முன்னால் டாக்டரையும் பின்னால் எம்.பி.பி.எஸ்.ஸையும் பூட்டிவிட்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கிளினிக் போர்டு. பாதி குத்தும்போதே, "ஏண்டி, முத்துத்தாய்ங்கிற பேரு இம்புட்டு நீளமா?" என்று கேட்டாள். டாக்டரானால் பேரும் வளரும் என்றேன். அப்படியா என்று மிச்சக் கையையும் நீட்டினாள்.

அந்தக் கையை உன்னிடம் காட்டத்தான் மெட்ராஸுக்கு ரயிலேறினாள். விடுதி வாட்ச்மேன், சமையல் ஆயா, உன் கூட்டாளிகள் எல்லோரிடமும் காட்டினாளாம். அப்புறம் நீ என்ன சொன்னாயோ தெரியாது, அவளும் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் டைலரிடம் போய் மணிக்கட்டு வரை கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பருத்தி எடுக்கும் வெயிலிலும் முழுக்கைதான். கேட்டால் கொசு என்கிறாள். பட்டப்பகலில், பருத்திக் காட்டில், கொசு.

எருமை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

உன் பாசமுள்ள தொந்தரவு,
ஒச்சாயி

*

சென்னை
3.2.1984

அன்புத் தங்கை ஒச்சாயிக்கு,

நான் நலம். அனைவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

பிணங்களை நலம் விசாரிப்பதை நிறுத்து. எங்கள் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர்களின் சதை. அவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பார்க்கிறோம். மொக்கையன் மாமாவிடம் இதைச் சொல்.

லீவு கிடைக்கவில்லை. அதுதான் காரணம், வேறு காரணம் இல்லை. அம்மா வெயிலில் ரொம்ப அலைய வேண்டாம். கரும்பைத் தூக்கி எறி. பிளஸ் டூ தேர்வு நெருங்குகிறது, விலங்கியலில் கவனம் வை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கங்களைச் சேர்ப்பித்துவிடு.

அன்புடன்,
முத்துத்தாய்

*

மதுரை
18.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம். எருமையை மாமா வீட்டில் விட்டிருக்கிறோம், அதுவும் நலம் என்றுதான் தகவல்.

அக்காவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் தலை எனக்கு முக்கியம். ஆகவே சொல்லப் போவதில்லை. நான் உன்னிடம் சொல்லாத விஷயங்கள் கீழே உள்ளன.

மாசி மாதம் ஒரு காலை, ரவிக்கை மாட்ட முடியாமல் அம்மா இடது கையைத் தூக்கத் திணறினாள். நான் மாட்டிவிட்டேன். மார்புப் பக்கம் என் விரல் கெட்டியாக எதிலோ இடித்தது. எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. எம்புட்டு நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "கெடக்கு விடு, வலிக்கல" என்றாள். அப்பாவிடம் நான் சொன்ன பிறகு மதுரைக்குக் கூட்டி வந்தோம். பெரிய டாக்டர் ஒருவர் பார்த்தார். போன வாரம் ஆப்பரேஷன். எடுத்துவிட்டார்கள் அக்கா. இடது பக்கம் முழுசாக.

இந்த இடத்தில் வைக்க ஒரு சிரிப்பு யோசித்து வைத்திருந்தேன். காணோம்.

அக்குளில் நெறிக்கட்டிகளும் வீங்கி இருந்தனவாம். அவற்றையும் எடுத்திருக்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே கரி மாதிரிக் கறுப்பு. புற்று மார்பை விட்டுக் கிளம்பினால் முதலில் அக்குளுக்குத்தான் வரும், அதைத் தாண்டிவிட்டால் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போகும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். இப்படிக் கறுத்து அவர் பார்த்ததில்லை, பரவியிருக்கும் என்றுதான் நினைக்கிறார், பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அப்பா கேட்டதெல்லாம் அந்தக் கறுப்பு மட்டும்தான். சாப்பிடாமல் வராந்தாவில் நிற்கிறார்.

அக்காவை வரச் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "டாக்டரு வந்தா சீக்குன்னு அர்த்தம். மக வாரதா இருந்தா வரட்டும்."

சொல்லாததெல்லாம் சொல்லி முடித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சத்தியம் தவறாத,
ஒச்சாயி

*

சென்னை
22.3.1984

ஒச்சாயிக்கு,

நலம். அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? தூங்குகிறாளா? புண்ணில் நீர் வருகிறதா? தினமும் எழுது.

நான் சொல்வதைக் கவனமாகச் செய். எடுத்த சதையைச் சின்னச் சின்ன மெழுகுக் கட்டிகளில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். என் பேராசிரியரின் கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டிக் கட்டிகளை வாங்கி அப்பாவிடம் கொடுத்தனுப்பு. இங்கே இன்னும் மெல்லியதாகச் சீவிப் பார்க்கலாம்.

இப்போது நான் வந்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். இங்கே இருந்தால் தேடலாம். அந்தக் கறுப்பைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன்.

கடைசியில் ஒரு வரியை அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே.

முத்துத்தாய்

*

மதுரை
1.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். இன்று முட்டாள்கள் தினம். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இந்த வருஷத்து ஏமாற்று.

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அந்த ரவிக்கை' என்று ஆரம்பிக்கிறது. மிச்சத்தை நீ மையால் புதைத்துவிட்டாய்.

இதைக் கொண்டு வருபவர் அப்பா. கூடவே ஒரு தூக்குவாளி வரும், அதில் சோறு இருக்கும் என்று ஆசைப்படாதே. மெழுகு வெயிலில் உருகிவிடும் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தோன்றிவிட்டது. கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துணி சுற்றி, வாளிக்குள் வைத்து மூடியிருக்கிறார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "வராது" என்றார்.

இங்கே வந்த முடிவு வேடிக்கையாக இருக்கிறது. கறுப்பாக ஏதோ நிறைய அடைத்திருக்கிறது, நோய் தெளிவாகத் தெரியவில்லை, இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறது. இதைச் சொல்ல லென்ஸ் எதற்கு? நானே சொல்வேனே.

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவளாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கறுப்பு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அது ஊர்க் கண் என்கிறாள். சந்தையில், பஸ்ஸில், கிணற்றடியில் மகள் பேரைக் காட்டிக் காட்டித் திரிந்தாளாம், பார்த்தவர்கள் கண்ணெல்லாம் கை வழியாக ஏறி அக்குளில் போய்க் கறுத்துவிட்டதாம். நேற்று என்னிடம் சொன்னாள்: "அவ அன்னைக்கே கையை மூடுன்னா. படிச்ச பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. நாந்தான் ரெண்டு நாள் பிந்திட்டேன்."

இதற்குப் பதில் நீதான் எழுத வேண்டும்.

அப்பாவுக்குச் சோறு போடு. பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு.

வாளியைத் திருப்பி அனுப்பவும்,
ஒச்சாயி

*

சென்னை
4.4.1984

அன்புத் தங்கைக்கு,

நலம். அப்பா பத்திரமாக வந்து சேர்ந்தார். சாப்பிட்டார். அவருடைய ஊர்க்கார நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார். வாளியும் அவருடன் வருகிறது.

எருமையை எப்போது வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள்? கன்று நன்றாகக் குடிக்கிறதா? விலங்கியல் தேர்வு எப்படி எழுதினாய்? கேள்வித்தாள் இருந்தால் அனுப்பு.

அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல். இடது கை விரல்களால் சுவரில் எறும்பு ஊர்வது மாதிரி மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். தினமும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கை தூக்க வராமல் போய்விடும்.

எல்லோருக்கும் என் அன்பு.

முத்துத்தாய்

*

டி. கல்லுப்பட்டி
21.4.1984

மாட்டு டாக்டர் அக்காவுக்கு,

எருமை நலம். கன்று குடிக்கிறது. கேள்வித்தாளில் எருமை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன் கடிதத்துக்கு என் பதில் முடிந்தது.

இனி நீ எழுதாமல் விட்டதற்கு. அப்பா வந்ததும் எல்லாம் சொல்லிவிட்டார். நீ விடுதி வாசலுக்கு வந்தாயாம். அவர் வாளியை இரண்டு கையாலும் நீட்டி, "அம்மாவக் கொண்டாந்திருக்கேன், பாத்துக்க" என்றாராம். நீ வாளியை வாங்கிக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாயாம். எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். என் கடிதத்தை அப்புறம்தான் படித்தாயாம். இத்தனையும் நடந்த பிறகு நீ உட்கார்ந்து கன்று குடிக்கிறதா என்று எழுதியிருக்கிறாய்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். எருமை வரியோடு நிறுத்தினேன். "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "எருமையைக் கேக்குறான்னா என்னையக் கேக்கப் பயப்படுறான்னு அர்த்தம்" என்றாள். அவள் உன்னை மாதிரி இல்லை, லென்ஸ் இல்லாமலே பார்க்கிறவள்.

சுவர் ஏறுகிறாள். தினமும் எவ்வளவு உயரம் என்று நான் கரித்துண்டால் கோடு போடுகிறேன். நேற்றுவரை அவளுடைய தோளுக்குக் கீழேதான் கோடு. அப்போதும் முழுக்கை ரவிக்கைதான், கட்டுக்கு மேலே. வேர்த்துக் கொட்டுகிறது.

நல்லதோ கெட்டதோ எழுது. கெட்டதாக இருந்தால் எனக்குத் தனியாக எழுது, நான் அதைத் தமிழில் பெயர்த்து அம்மாவுக்குச் சொல்கிறேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

காத்திருக்கும்,
ஒச்சாயி

*

சென்னை
7.5.1984

அன்பு ஒச்சாயிக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டு. எதையும் பெயர்க்காதே.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. கட்டிகளை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, லென்சில் வைத்தேன். கறுப்பு மணிமணியாக இருந்தது. உடம்பு தானாக உண்டாக்கும் கறுப்பு ஒன்று உண்டு, அது கெட்ட நோயில் வரும். அதை ஒருவகை மருந்தில் ஊறவைத்தால் வெளுத்துவிடும். ஊறவைத்தேன். வெளுக்கவில்லை. மறுபடி வைத்தேன். வெளுக்கவில்லை. பேராசிரியர் லென்சை விட்டுத் தலையைத் தூக்காமலே, "இந்த அம்மா பச்சை குத்தியிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே, என்ன என்று கேட்டார்.

சொன்னேன். முன்னால் டாக்டரும் பின்னால் எம்.பி.பி.எஸ்.ஸும் சேர்த்தே சொன்னேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

அம்மா, அது ஊர்க் கண் இல்லை. அது மை. கையில் குத்திய மையில் ஒரு பங்கு தோலில் தங்கும். மிச்சத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போய் அக்குளில் சேர்த்துவிடும். நெறிக்கட்டி வீங்கியதற்கும் அதுதான் காரணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுதியில் நான் அதை மூடச் சொன்னேன். நீ மூடினாய். உன் உடம்பு கேட்கவில்லை. உள்ளே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருக்கிறது. நான் லென்சில் பார்த்தது என் பெயரை.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் போன மாதமே எழுதியிருப்பேன். கறுப்பு மைதான் என்று தெரிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மை வந்த பாதையில்தான் நோயும் வரும். மை இவ்வளவு அடைத்திருந்தால் அதன் நிழலில் சின்னதாக ஒன்று ஒளிந்திருந்தால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கட்டியையும் அடிவரை சீவினேன். ஒன்றில் மட்டும், கறுப்பின் ஓரத்தில், அங்கே இருக்கக் கூடாத செல்கள் சிறு கும்பலாக இருந்தன. மார்பிலிருந்து வந்தவை. பேராசிரியரும் பார்த்து உறுதி செய்தார். மற்ற எதிலும் இல்லை.

பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கிளம்பியிருக்கிறது, ஆனால் வாசலிலேயே பிடித்துவிட்டோம். மதுரையில் உங்கள் டாக்டருக்குப் பேராசிரியர் விவரம் எழுதியிருக்கிறார். அக்குளுக்கும் மார்புக்கும் கதிர் சிகிச்சை, அதாவது ஊரில் சொல்கிற கரண்ட், வைக்க வேண்டும், அப்புறம் மாத்திரை. இது தெரியாமல் விட்டிருந்தால் கரண்ட் வைத்திருக்க மாட்டார்கள். முற்றிலும் குணமாகும் என்று எழுத மாட்டேன். நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று எழுதுகிறேன், இதை டாக்டராக எழுதுகிறேன்.

லென்ஸ் வழியாக எடுத்த போட்டோ ஒன்றை வைத்திருக்கிறேன். கறுப்பு மணிகளெல்லாம் மை. இது நோய் இல்லாத கட்டியிலிருந்து எடுத்தது.

அடுத்த மாதம் தேர்வு முடிகிற அன்றே ரயிலேறுகிறேன். டாக்டர் வரவில்லை. மகள் வருகிறேன்.

அம்மா, அப்பா கால்களைத் தொட்டு,
முத்துத்தாய்

*

மதுரை
10.6.1984

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். இந்த முறை வரிசை மரியாதைப்படிதான்: அம்மா முதலில்.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள். கறுத்ததெல்லாம் நோய் இல்லை என்று இனி ஊரில் நான் சொல்லித் திரியப் போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எதையும் பெயர்க்கவில்லை. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த ஒரு கட்டி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். அப்பா கண்ணைத் துடைத்தார். அவள் துடைக்கவில்லை. "இம்புட்டுக் கறுப்புக்குள்ள அதைத் தேடிப் பிடிச்சிருக்கா பாரு எம்மக" என்றாள். அப்புறம் கத்தரிக்கோல் கேட்டாள். ரவிக்கைகளின் கையை ஒவ்வொன்றாக முழங்கைக்கு மேலே வெட்டினாள். அந்தத் துணிகள் எருமைக்கு முதுகு தேய்க்க ஆகின்றன.

கரண்ட் ஆரம்பித்துவிட்டது. தினமும் பஸ்ஸில் வந்து போகிறோம். களைப்பு இருக்கிறது, தோல் சிவந்திருக்கிறது, ஆனால் வாய்க்குக் களைப்பே இல்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் முதலில் கையைக் காட்டுகிறாள், அப்புறம் மடியிலிருந்து நீ அனுப்பிய லென்ஸ் போட்டோவை எடுக்கிறாள். ஆனிமேரி என்று ஒரு டீச்சர், அவருக்கும் இதே இடம், இதே நோய். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எழுத்தே இல்லையே என்றார். அம்மா சொன்ன பதிலைக் கேள்: "வெளிய இருக்கிறது ஊரு படிக்க டீச்சர். உள்ள இருக்கிறதை அவ மட்டுந்தான் படிக்க முடியும். அதுக்குத்தான் மெட்ராசு படிப்பு." டீச்சர் தன் ரிப்போர்ட்டையும் உனக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

எம்.டி. வாங்கியதும் அதையும் குத்த வேண்டும் என்று ஒரு பேச்சு நடக்கிறது. இடது கையில் இனி ஊசி படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தேளுக்குப் பக்கத்தில் இடம் பார்க்கிறாள். எழுதிக் கொடுக்க நான் தயார். பேர் இன்னும் வளரும்.

இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை.

"முத்து, அம்மா பேசுறேன். நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. அன்னைக்கு மூடச் சொன்னதை நெனச்சு மருகாத. சின்னவ நீ எழுதுனதை அப்படியே படிச்சா. அத்தனை பேரு முன்னால ஒம்பேரு எங்கையிலதான் இருக்குன்னு சொன்னியாமே. அது போதும் எனக்கு. சுவத்துல கோடு இப்ப என் தலையைத் தாண்டிருச்சு. நீ வார அன்னைக்கு மதுரை டேசன்ல கூட்டமா இருக்கும், அம்மா எங்க நிக்கிறான்னு தேடாத. கையைத் தூக்கிக்கிட்டு நிப்பேன். இடது கையை. ஒம்பேரைப் பாத்து வந்துரு."

சொன்னது அம்மா,
எழுதியது ஒச்சாயி